செய்யுள் உறுப்புகள்: ஆறா, முப்பத்து நான்கா?

ஒரு பாட்டைக் கையில் எடுத்து, “இது கவிதையா, அன்றா?” என்று கேட்பது எளிது, விடை கூறுவது அரிது. கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தமிழ்க் கவிதை பற்றிப் பேச்சு நிகழும் இடங்களில் இவ்வினா அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுந்து வருகிறது. அசையும் சீரும் தளையும் இல்லாதது செய்யுள் ஆகாது என்பர் மரபு வழி நிற்போர். அவை யாவும் கவிஞனின் காலில் பூட்டிய விலங்குகள் என்பர் புதுமை விழைவோர். இரு சாராரும் முரணி நிற்பதாகத் தோன்றினாலும் ஒன்றில் முற்றும் ஒத்திருக்கின்றனர். செய்யுளின் உறுப்புகள் ஆறே என்பதை இருவரும் ஆராயாமலே ஏற்றுக்கொண்டனர். ஒருவர் அவ்வாறையும் காக்க வேண்டும் என்கிறார். மற்றவர் அவ்வாறையும் களைய வேண்டும் என்கிறார்.

தமிழில் இன்று கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையதாகப் போற்றப்படும் தொல்காப்பியம் கூறும் செய்யுள் உறுப்புகள் ஆறல்ல, 34. இவ்வேறுபாடு புலவர்கள் தமக்குள் ஆராய்ந்து மகிழ்வதற்குரிய நூற்செய்தி மட்டும் அன்று. இளைஞர் எழுதிக் கொணர்வதை ஏற்பதும் தள்ளுவதும் இதனைப் பொறுத்தன. தமிழ்ப் பள்ளியில் ஒரு குழந்தை செய்யுளை விரும்புவதும் வெறுப்பதும் கூட இதனைப் பொறுத்தன. ஆதலின் இவ்வெண்ணிக்கையைச் சற்றே நின்று ஆராய்தல் தகும்.

வழக்கின் வரலாறு

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்யுளின் வரலாறு 1887ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவதாகக் கூறுவர். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையைச் சேர்ந்த சதாசிவ பண்டிதரின் ‘சிங்கைநகர் அந்தாதி’ வெளிவந்த ஆண்டு அது. முரசு நெடுமாறன் தொகுத்து 1997இல் வெளியான ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ 1887 முதல் 1987 வரையிலான நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டித் தருகிறது. அந்நூறாண்டின் பெரும்பகுதி வெண்பாவும் விருத்தமும் சிந்தும் ஓங்கி நின்ற காலமே ஆகும்.

தமிழகத்தில் ந. பிச்சமூர்த்தி 1934இல் யாப்பின் கட்டைத் தளர்த்திய கவிதை முயற்சியைத் தொடங்கினார். 1959இல் சி. சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ தோன்றி அம்முயற்சிக்கு நிலையான இடம் அளித்தது. மலேசியாவில் 1964இல் சி. கமலநாதன் எழுதிய ‘கள்ளப் பார்ட்டுகள்’ முதற் புதுக்கவிதையாகச் சுட்டப்படுகிறது. 1970களின் பிற்பகுதியில் ‘வானம்பாடி’ வார இதழ் புதுக்கவிதைக்கு ஊக்கம் அளித்தது. அந்நாளில் மூண்ட சொற்போரின் சூடு ஆறிவிட்டது. ஆயினும் அது விட்டுச் சென்ற பிரிவினை நிலைத்துவிட்டது. மரபுக் கவிதை ஒரு வீட்டிலும் புதுக்கவிதை அடுத்த வீட்டிலும் குடியிருந்து, ஒன்றை ஒன்று ஏறெடுத்தும் பாராமல் வாழ்கின்றன.

ஆறு உறுப்புகளும் ஊர்ப் பெயர்களும்

எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என ஆறு உறுப்புகளை வகுத்துக் கூறும் நூல்களுள் பெரிதும் பயிலப்படுவது அமிதசாகரர் இயற்றிய யாப்பருங்கலக் காரிகை. எழுத்துகள் சேர்ந்து அசையாகின்றன. அசைகள் சேர்ந்து சீராகின்றன. ஒரு சீர் அடுத்த சீரோடு கட்டுண்பது தளை. சீர்கள் தொடர்ந்து அடியாகின்றன. அடிகளும் சீர்களும் ஓசையால் ஒன்றை ஒன்று அழைப்பது தொடை. இவ்வமைப்பின் நுட்பத்தைக் கோலாலம்பூர்த் தமிழர் அன்றாடம் வழங்கும் ஊர்ப் பெயர்களைக் கொண்டே அறியலாம்.

கிள்ளான் என்னும் பெயரைக் கொள்க. ‘கிள்’ என்பது நேரசை. ‘ளான்’ என்பதும் நேரசை. நேர் நேர் தேமா. பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரில் ‘பிரிக்’ நிரையசை, ‘பீல்ட்ஸ்’ நேரசை. நிரை நேர் புளிமா. இனி இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். ‘கிள்ளான் பிரிக்பீல்ட்ஸ்’ என்றால் மாவின் முன் நிரை வருகிறது, அஃது இயற்சீர் வெண்டளை, வெண்பாவிற்கு ஏற்றது. ‘பிரிக்பீல்ட்ஸ் கிள்ளான்’ என்று மாற்றினாலோ மாவின் முன் நேர் வருகிறது, அஃது ஆசிரியத்தளை, வெண்பாவின் ஓசை அங்கே முறிகிறது. ஒரே இரயில் பாதையில் ஒரு திசையில் செல்லும்போது வெண்பா செல்லும். திரும்பும்போது அகவலே வரும். தளை என்பது எத்துணை நுண்ணியது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை.

கோலாலம்பூர் என்னும் பெயர் இன்னும் சுவையானது. கோ, லா, லம், பூர் என நான்கும் நேரசை. நாலசைச் சீரை வெண்பா ஏலாது. இரண்டாகப் பிரித்து ‘கோலா லம்பூர்’ என்று வைத்தாலும் மாவின் முன் நேர் வந்து தளை தட்டும். அகவலில் அதுவே இயல்பாக நடக்கும். வெண்பாவில் இடம் பெற வேண்டுமாயின், ‘கோலாலம்’ எனக் காய்ச்சீராக நிறுத்தி, ‘பூர்’ என்பதை ஈற்றில் நாள் என்னும் வாய்பாட்டால் முடிக்கலாம். தலைநகரின் பெயர் வெண்பாவில் எளிதாக நுழைவது ஈற்றடியின் இறுதி வாயிலில்தான். இவ்வாறு சொற்களின் நடையை அளந்து காட்டும் கருவியை இகழ்வது அறிவுடைமை ஆகாது. சொல்லுக்குள் உறங்கும் ஓசையை இது செவிக்குக் காட்டுகிறது.

எனினும் கருவியின் எல்லையும் இவ்வெடுத்துக்காட்டிலேயே தெரிகிறது. ஒற்று அலகு பெறாது என்பது விதி. ஆதலின் ‘பீல்ட்ஸ்’ என்பதில் மூன்று ஒற்றுகள் அடுக்கி நின்றும் அது வெறும் நேரசையே. ஆனால் வாய் அதை அவ்வளவு விரைவாகக் கடந்துவிடுவதில்லை. பேச்சில் சிலர் இறுதியில் ஓர் உகரம் சேர்த்துப் ‘பிரிக்பீல்ட்சு’ என்கின்றனர். அப்பொழுது புளிமாங்காயாகச் சீரே மாறிவிடுகிறது. எழுத்தில் உள்ளதை எண்ணுவது வேறு, ஒலிப்பில் உள்ளதைக் கேட்பது வேறு என்பது இதனால் தெளிவாகும்.

எல்லாம் உண்டு; ஒன்றும் இல்லை

ஆறு உறுப்புகளும் குறைவற அமைந்தால் கவிதை அமைந்துவிடுமா? கோம்பாக், கிள்ளான் ஆறுகள் இரண்டும் கூடும் இடத்தில் தோன்றியது கோலாலம்பூர். அச்செய்தியை வைத்து எடுத்துக்காட்டுக்கென ஒரு குறள் வெண்பா கட்டிப் பார்க்கலாம்:

ஆறிரண்டும் கூடுமிடம் அங்காடி ஆனதனால்
ஏறியதே கோலாலம் பூர்.

இதனை அலகிட்டுக் காண்போர் குற்றம் காணார். முதல் அடியில் நான்கு சீர். இரண்டாம் அடியில் மூன்று சீர். எங்கும் காயின் முன் நேர் வந்து வெண்சீர் வெண்டளை பிறழாமல் நிற்கிறது. ‘ஆறி’, ‘ஏறி’ என எதுகை உண்டு. ‘ஆறு’, ‘அங்காடி’, ‘ஆனதனால்’ என மோனை உண்டு. ஈறு நாள் என்னும் வாய்பாட்டால் முடிகிறது. உறுப்புகள் ஆறும் உள்ளன.

ஆயினும் இது கவிதையா? ஒரு நிலநூற் குறிப்பைச் சீராக அடுக்கியது என்பதற்கு மேல் இதில் யாதும் இல்லை. இதனைச் சொல்பவர் யார்? எவரிடம் சொல்கிறார்? என்ன நேர்ந்ததனால் சொல்கிறார்? சொல்லாமல் விட்டது ஏதேனும் உண்டா? ஒரு முறை படித்தவர் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க ஏதேனும் காரணம் உண்டா? இவ்வினாக்கள் எதற்கும் இவ்வெண்பா விடை தாராது. கவியரங்கங்களிலும் போட்டிகளிலும் இத்தகைய வெண்பாக்கள் பாராட்டுப் பெறுவதுண்டு. பிழையின்மை ஒன்றே தகுதி எனக் கொண்டதன் விளைவு இது.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் இதே கருத்தை வலியுறுத்தினார். ஓமரும் எம்பிடோகிளிசும் செய்யுளில் எழுதினர். ஆயினும் இருவருக்கும் பொதுவானது செய்யுள் நடை ஒன்றே. முன்னவரைக் கவிஞர் என்றும் பின்னவரை இயற்கை நூலார் என்றும் அழைத்தலே முறை என்பது அவர் துணிபு. தமிழர் இதற்காகக் கிரேக்கம் வரை செல்ல வேண்டுவதில்லை. மேலே எழுப்பிய வினாக்கள் ஒவ்வொன்றும் தொல்காப்பியச் செய்யுளியலில் பெயர் பெற்ற உறுப்பாகவே உள்ளது.

தொல்காப்பியர் கண்ட 34

செய்யுளியலின் தொடக்கத்திலேயே தொல்காப்பியர் உறுப்புகளை நிரல்பட அடுக்குகிறார். மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி, யாப்பு, மரபு, தூக்கு, தொடை, நோக்கு, பா, அளவு, திணை, கைகோள், கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம், பொருள், துறை, மாட்டு, வண்ணம் என 26, அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு என்னும் எட்டு வனப்புகள், ஆக 34.

இப்பட்டியலில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, காரிகை கூறும் ஆறனுள் ஐந்து இதில் உள்ளன. தளைக்கு மட்டும் தனியிடம் இல்லை. இன்று மரபுக்கும் புதுமைக்கும் இடையே எல்லைக் கல்லாக நாட்டப்பட்டுள்ள தளை, தொல்காப்பியரின் நிரலில் ஓர் உறுப்பாக எண்ணப்படவே இல்லை.

இரண்டாவது, பட்டியல் எழுத்தில் தொடங்கவில்லை, மாத்திரையில் தொடங்குகிறது. மாத்திரை என்பது ஒலிக்கும் காலம். கண் காணும் வரிவடிவத்திற்கு முன்னே வாயும் செவியும் அறியும் ஒலியளவை அவர் வைத்தார். பிரிக்பீல்ட்ஸ் என்னும் சொல்லில் கண்ட இடர்ப்பாடு இங்கே தீர்வு பெறுகிறது. ஒலிப்பே முதல், எண்ணிக்கை அதன்பின்.

மூன்றாவது, யாப்பு என்பதையே அவர் ஓர் உறுப்பாக வைத்துப் பொருள் கூறுகிறார். எழுத்து முதலாகப் பெருகி அமைந்த அடிகளில், கவிஞன் குறித்த பொருளை முற்றுப்பெற நிறுத்துதலே அவர் கூறும் யாப்பு. அசை எண்ணுதல் அன்று, பொருளைக் குறைவுபடாமல் கட்டி முடித்தலே யாப்பு எனப்பட்டது. அவ்யாப்பு வழங்கும் இடங்களாகப் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என ஏழினை அவர் சுட்டுகிறார். உரைநடையும் விடுகதையும் பழமொழியும் கூட யாப்பினுள் அடங்கும் என்றால், யாப்பு என்னும் சொல்லின் பரப்பு எத்துணை விரிந்தது என்பதை உணரலாம்.

ஏனைய உறுப்புகளில் சிலவற்றின் பொருளை மட்டும் இங்குக் காணலாம். சொல்பவர் யார் என்பது கூற்று. எவர் கேட்கச் சொல்லப்படுகிறது என்பது கேட்போர். நிகழும் இடம் களன், பொழுது காலம். விளங்கக் கூறாது கேட்போர் நிரப்பிக்கொள்ளுமாறு விடுவது எச்சம். இவ்விடத்தில் இச்சொல்லை இன்னார் இன்னாருக்குச் சொன்னார் எனக் குறிப்பால் அறிய வைப்பது முன்னம். பிரிந்து கிடக்கும் பொருள்களை இயைத்துக் காண்பது மாட்டு. மாத்திரை முதல் அடி வரை ஒவ்வொன்றும் படிப்போரை நின்று நோக்கச் செய்யுமாறு அமைவது நோக்கு.

நோக்கு என்னும் உறுப்பை விளக்க வந்த பேராசிரியர், அகநானூற்றின் நான்காம் பாட்டை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு சொல்லும் வீணாக அமையாமையைத் தொடர்ந்து எடுத்துக் காட்டுகிறார். கார்காலத்தில் தேரேறி வரும் தலைவன், மலரில் தாதுண்ணும் வண்டுகள் அஞ்சுமே என்று மணியின் நாவைக் கட்டி வருவதாகக் கூறும் பாட்டு அது. ஓர் உயிரின் சிறு கலக்கத்தையும் பொறாதவன், காத்திருக்கும் தலைவியின் கலக்கத்தை எங்ஙனம் பொறுப்பான் என்னும் எண்ணத்தைப் படிப்போர் தாமே எய்துகின்றனர். இந்த எண்ணத்தைத் தருவது அகவலின் தளை மட்டும் அன்று. நோக்கும் எச்சமும் முன்னமும் சேர்ந்தே தருகின்றன.

பிழை எவருடையது?

இதனால் காரிகை குறையுடைய நூல் என்று முடிவு செய்தல் நேரிதன்று. தமிழ் இலக்கணத்தை எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என ஐந்தாகப் பகுத்துப் பயின்ற மரபில் எழுந்த நூல் அது. யாப்பு ஒன்றையே அது தன் எல்லையாகக் கொண்டது. அகப்பொருளைக் கூற இறையனார் களவியலும் நம்பியகப்பொருளும் உள்ளன. அணியைக் கூறத் தண்டியலங்காரம் உள்ளது. முழு இலக்கணமும் கற்ற பழைய மாணவன் காரிகையை ஐந்தில் ஒரு பகுதியாகவே அறிந்திருந்தான். பிற்காலத்தார் ஏனைய நான்கையும் நெகிழவிட்டு, அந்த ஒரு பகுதியையே முழுமை எனக் கொண்டனர். கவிதையின் இலக்கணம் என்றாலே தேமாவும் புளிமாவும்தான் என்னும் எண்ணம் இவ்வாறு வேரூன்றியது. பிழை நூலின் மேலது அன்று. நூலைத் தனித்துப் பயின்ற முறையின் மேலதே.

மரபு எனப் போற்றப்படுவனவும் ஒரே காலத்தன அல்ல என்பதை மறத்தல் ஆகாது. மலேசியக் கவிஞர் பெரிதும் விரும்பிக் கையாண்ட விருத்தம், தாழிசை, துறை, விருத்தம் என்னும் பாவினப் பாகுபாட்டைச் சார்ந்தது. அப்பாகுபாடு தொல்காப்பியத்தில் இல்லை. பிற்கால யாப்பு நூல்களில் இடம்பெற்றது. ஆதலின் புதியது என்பது ஒன்றனாலேயே ஒரு வடிவத்தை விலக்குதல் மரபின் வரலாற்றுக்கே மாறாகும்.

அண்டை மொழியின் சான்று

மலாய் மொழியில் தொன்றுதொட்டு வழங்கும் பந்துன் இங்கு ஒப்பிடத்தக்கது. 2020இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாக இந்தோனேசியா, மலேசியா ஆகிய இரு நாடுகளின் பெயரால் பட்டியலிட்டது. பந்துன் பெரும்பாலும் நான்கு அடி உடையது. ஓர் அடிக்கு 8 முதல் 12 வரை அசைகள். முதலடியின் ஈறு மூன்றாம் அடியின் ஈற்றோடும், இரண்டாம் அடியின் ஈறு நான்காம் அடியின் ஈற்றோடும் ஒலியால் இயையும். தமிழ் அடிகளை எதுகை தலைப்பக்கத்தில் கட்டுகிறது. பந்துன் வால்பக்கத்தில் கட்டுகிறது. தமிழ் யாப்பு இதனை இயைபுத் தொடை என்னும்.

பந்துனின் உயிர் இவ்வோசைக் கட்டில் மட்டும் அடங்கவில்லை. முதல் இரண்டு அடிகள் ஆற்றையோ மரத்தையோ பறவையையோ கூறும். மலாயில் அவற்றுக்கு நிழல் என்னும் பொருள்படப் பெயர் உண்டு. பின் இரண்டு அடிகளே சொல்ல வந்த கருத்தைச் சொல்லும். நிழலுக்கும் கருத்துக்கும் உள்ள உறவை எவரும் விளக்குவதில்லை. கேட்பவரே இணைத்துக் கொள்ள வேண்டும். தொல்காப்பியர் சொற்களால் கூறின், அங்கே மாட்டும் எச்சமும் தொழிற்படுகின்றன. ஓசை எண்ணிக்கை சரியாக இருந்தும் இவ்வுறவு அமையாத பந்துனைக் கேட்டோர் சுவையார். மொழி வேறாயினும் கவிதையின் கட்டமைப்பு ஓசையளவில் நின்றுவிடுவதில்லை என்பதற்கு அண்டை வீட்டுச் சான்று இது.

தளையற்றதன் தேர்வு

இனி, தளையைத் துறந்த கவிதையை இதே அளவுகோலால் அளக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கென அமைத்த நான்கு வரிகள் இவை:

கடைசி இரயில் போய்விட்டது.
கிள்ளான் நிலையத்தின்
விளக்கை அணைத்துவிடாதீர்கள்;
என் மகனுக்கு இருட்டென்றால் பயம்.

இதில் எதுகை இல்லை, மோனை இல்லை, தளை பற்றிப் பேசவே இடமில்லை. ஆயினும் கூற்று உண்டு: பேசுவது ஒரு தாய், அன்றித் தந்தை. கேட்போர் உண்டு: நிலையத்தின் ஊழியர். களன் உண்டு, காலமும் உண்டு. மகன் எங்கே சென்றான், எத்தனை நாளாயிற்று, இனி வருவானா என்பன எச்சம். இருட்டுக்கு அஞ்சும் வயது அவனுக்கு எப்பொழுதோ கடந்திருக்கலாம் என்பது முன்னம். நான்காம் வரியைப் படித்தவர் முதல் வரிக்குத் திரும்புகிறார்; கடைசி இரயில் என்னும் சொல் இப்பொழுது வேறு கனத்தோடு நிற்கிறது. அஃது நோக்கு. அடியும் இங்குத் தொழிற்படுகிறது: நான்காம் வரியை முதலில் வைத்தால் எல்லாம் குலைந்துவிடும். குறித்த பொருள் நான்கு அடிகளில் முற்றுப்பெற நின்றமையால், தொல்காப்பியர் கூறிய பொருளில் இதற்கு யாப்பும் உண்டு.

முன்னர்க் கண்ட குறள் வெண்பாவில் ஆறும் இருந்தன. கூற்று முதலாயின இல்லை. இவ்வரிகளில் ஆறனுள் சில இல்லை. கூற்று முதலாயின உள்ளன. எது கவிதைக்கு அணுக்கமானது என்பதைப் படிப்போர் தாமே துணியலாம்.

இதனைக் கொண்டு புதுக்கவிதைக்கு வாகை சூட்டிவிட முடியாது. இன்று தாளிலும் கைப்பேசித் திரையிலும் பெருகிவரும் வரிகளுள் மிகுதியானவை இத்தேர்வில் தேறுவன அல்ல. ஒரு வாக்கியத்தை நான்காக ஒடித்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் அடி பிறந்துவிடாது. ஒடித்த இடத்தை மாற்றினாலும் பொருளில் மாற்றம் நேரவில்லையாயின், அங்கே அடி என்னும் உறுப்பே இல்லை என்பது கருத்து. ‘சமுதாயமே விழித்தெழு’ என்று பொதுப்படக் கூவும் வரிகளில் கேட்போர் இல்லை. ஊரைக் கூவி அழைப்பவர் எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. எச்சமும் இல்லை, எல்லாமே சொல்லப்பட்டுவிடுகின்றன. தளையை நீக்கியவர்க்குச் சுமை குறைந்தது என்பது மயக்கம். ஓசை தாங்கி நின்ற பாரத்தையும் சேர்த்து ஏனைய உறுப்புகளே தாங்க வேண்டியிருத்தலின், அவர்க்குச் சுமை கூடுகிறது.

விருந்து

வனப்புகள் எட்டனுள் ஒன்று விருந்து. புதிதாகப் புனையப்படும் யாப்பின் மேலது அது என்கிறார் தொல்காப்பியர். புதியவற்றிற்கு இலக்கணத்தின் உள்ளேயே ஓர் இருக்கை இட்டு, அதற்கு விருந்து என்னும் இனிய பெயரும் வைத்த பெருந்தன்மை வியக்கத்தக்கது. வாயிலில் நிற்கும் புதியவரைத் தமிழர் விருந்து என்றே அழைத்தனர். புதுமை செய்யுளுக்குப் பகையாக வைக்கப்படவில்லை. அதன் அழகுகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது.

பழைய உரைகாரர் விருந்துக்கு எடுத்துக்காட்டாகத் தம் காலத்தை ஒட்டிய புதுவகைகளைச் சுட்டுங்கால் அந்தாதிச் செய்யுளையும் சேர்த்துக் கூறினர். ஓர் அடியின் ஈறு அடுத்ததன் தொடக்கமாக வரும் அந்தாதி, ஒரு காலத்தில் தமிழ்ச் செய்யுளின் வீட்டுக்குப் புதிதாக வந்த விருந்தே. பல நூற்றாண்டுகள் கடந்து 1887இல் கடல் கடந்த மண்ணில் தமிழ்ச் செய்யுள் அச்சேறியபோது அவ்விருந்தே வீட்டுக்காரராகி முன்வந்து நின்றது. நேற்றைய விருந்து இன்றைய மரபு என்பதற்கு மலேசிய, சிங்கப்பூர்க் கவிதையின் தொடக்கமே சான்று.

ஆனால் விருந்து என்பதும் யாப்பின் மேலது என்றே கூறப்பட்டது. பொருளைக் கட்டி முடிக்கும் பொறுப்பிலிருந்து புதியவர்க்கும் விலக்கு இல்லை.

செவியும் பள்ளியும்

இவ்வாராய்ச்சியின் பயன் கற்பிக்கும் இடத்தில்தான் வெளிப்பட வேண்டும். மலேசியத் தொடக்கத் தமிழ்ப் பள்ளிகளின் பாடத்திட்டத்தில் செய்யுளும் மொழியணியும் ஒருங்கே வைக்கப்பட்டுள்ளன. குறளோடு பழமொழியும் மரபுத்தொடரும் சேர்ந்து கற்பிக்கப்படுகின்றன. முதுசொல்லையும் யாப்பினுள் அடக்கிய தொல்காப்பியர் நெறிக்கு இது பொருத்தமான அமைப்பே. ஆனால் பொருளை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதோடு பாடம் முடிந்துவிட்டால் உறுப்புகள் 34உம் மறைந்து ஒன்றுமே எஞ்சாது.

பத்து மலையில் தைப்பூசத்தன்று காவடிச் சிந்தின் நடைக்குக் கால் தூக்கி ஆடும் சிறுவனுக்கு மாத்திரை என்பது இலக்கணக் கலைச்சொல் அன்று. அவன் உடம்பே அறிந்த செய்தி. அவனிடம் நேர், நிரை என்னும் அட்டவணையை முதலில் நீட்டினால் அவன் அறிந்ததையும் மறப்பான். பாட்டை வாய்விட்டுப் பாடச் செய்து, கைதட்டி நடையை உணரச் செய்து, அதன்பின் அலகிடக் கற்பித்தால் அட்டவணை அவனுக்குத் தன் செவியின் கண்ணாடியாகத் தோன்றும். குறளைப் படிக்கும் குழந்தையிடம், “இதை யார் யாரிடம் எப்பொழுது சொல்லக்கூடும்?” என்று கேட்டால் கூற்றும் கேட்போரும் களனும் காலமும் தாமே வந்து அமையும். இவற்றிற்குத் தனிப் பாடநூல் வேண்டுவதில்லை. கேள்வியின் வரிசையை மாற்றினால் போதும்.

இது பள்ளிக்கு மட்டும் உரிய செய்தியும் அன்று. 1924 முதல் பல தலைமுறைக் கவிஞர்க்கு அரங்காக விளங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோயிற்று. கவிதையை அச்சில் படித்து மறுநாள் பேசிய வாசகர் கூட்டம் சுருங்கி வருகிறது. கேட்போர் குறையும் காலத்தில், கேட்போரையும் ஓர் உறுப்பாக எண்ணிய இலக்கணம் முன்னினும் இன்றியமையாதது ஆகிறது. எவருக்காக எழுதுகிறோம் என்பதை மறந்த கவிதை, தளை தட்டாவிட்டாலும் தளையே இல்லாவிட்டாலும், கேட்பாரின்றிப் போவது உறுதி.

ஆதலின் கவிதையை மதிப்பிட அமர்வோர், மரபுக் கவிதைக்கு ஓர் அளவுகோலும் புதுக்கவிதைக்கு மற்றோர் அளவுகோலும் வைத்துக்கொள்ளுதல் வேண்டா. யார் பேசுகிறார், எவரிடம், எங்கே, எப்பொழுது, எதைச் சொல்லாமல் விட்டார், படித்தவரைத் திரும்பி நோக்கச் செய்தாரா, எடுத்த பொருளைக் கட்டி முடித்தாரா என்பவற்றை இரண்டனிடமும் கேட்கலாம். அதன்பின், வெண்பா என்று சொல்லி வந்ததை வெண்பாவின் விதியால் அளக்கலாம். வெண்பா அல்லாததை அதன் அடி ஒடியும் இடத்தால் அளக்கலாம். ஆறு உறுப்புகளும் 34இன் உள்ளே தமக்குரிய இடத்தில் இருந்து தம் பணியைச் செய்யும். இரு வீடுகளாகப் பிரிந்து நிற்கும் மலேசியத் தமிழ்க் கவிதைக்கு நடுச்சுவர் பழைய இலக்கணத்தில் எழுப்பப்பட்டது அன்று. பின்வந்தோர் கட்டிய சுவர் அது. இடிப்பதும் அவர்கள் கையிலேயே உள்ளது.